பீர்க்கங்கூடும் பால் டின்னும்

எங்கள் வீட்டுக் கொல்லையில் வேலி நிறையப் பீர்க்கங்கொடி படர்ந்து கிடந்தது. ஆனால் ஒரு வருஷம் முழுக்க அதிலிருந்து ஒரு காய்கூடக் குழம்புச் சட்டிக்கு வரவில்லை. பிஞ்சு விட்டதும் சாச்சா வந்து பார்த்துவிட்டு, யாரும் பறிக்கக் கூடாது என்று சொல்லிவிடுவார். முற்றிக் காய்ந்து, உள்ளே விதை கலகலக்கும்வரை காவல். பிறகு தோலை உரித்து, விதையை உதறிவிட்டு, உள்ளே இருக்கிற நார்க்கூட்டை எடுத்துக்கொண்டு போவார். மற்ற வீடுகளில் அதை முதுகு தேய்த்துக் குளிக்க வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அது மோட்டார் சைக்கிளுக்கு.

சாச்சா என்றால் சித்தப்பா, என் அத்தாவின் தம்பி. புதுப்பட்டினத்தில் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். எழுபதுகளின் நடுவில், இறாலுக்குத் திடீரென்று மவுசு வந்த காலம் அது. சாச்சா விடியும்போதே சதுரங்கப்பட்டினம் கரைக்குப் போய் இறால் வாங்கி, ஐஸ் போட்ட மரப்பெட்டியில் அடுக்கி, வண்டியின் பின்னால் கட்டுவார். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போய் மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட வேண்டும். ரயிலை விட்டால் இறால் வீணாகிவிடும். மெட்ராஸில் யாரோ ஓட்டிச் சலித்துப்போய் விற்ற வண்டிதான். ஆனால் சாச்சா அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால் நேற்றுப் பிறந்த பிள்ளை என்று நினைப்பீர்கள்.

அந்த வண்டி எங்கள் ஊர் மணலைத் தின்று தின்று நோயாளி ஆகிவிட்டது. காற்று இழுக்கிற வாய் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால், சக்கரம் வாரியிறைத்த மணல் முழுக்க அதற்குள் போனது. ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், வண்டி கறுப்புப் புகை கக்கும், ஏற்றத்தில் முனகும். இப்படியே இரண்டு தடவை ரயில் போய்விட்டது. ஸ்டேஷனில் சரக்கை வாங்கி அனுப்புகிற ஏஜெண்டு, இன்னும் இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியனுப்பினார். அப்படி ஆகிவிட்டால் சாச்சா வண்டியை விற்றுவிட்டு மெட்ராஸில் மாமனாரின் குடைக்கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அவருக்குக் கல்யாணம் ஆகி நாலைந்து மாசம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் சாச்சாவுக்குப் பால் டின் யோசனை வந்தது. காலியான பால் பவுடர் டின்னில் ஒரு பக்கம் சல்லடைக் கம்பி, உள்ளே ஆயிலில் நனைத்துப் பிழிந்த பீர்க்கங்கூடு. அதை சீட்டுக்கு அடியில், மணல் எட்டாத உயரத்தில் கட்டி, ஒரு ரப்பர் குழாயால், காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டரோடு இணைத்தார். எத்தனை நுண்ணிய மணலும் ஆயிலில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், காற்று மட்டும் தாராளமாகப் போகும் என்பது அவர் கணக்கு.

புதுசாகக் கல்யாணமானவர்கள் மனைவியை சினிமாவுக்குக் கூட்டிப்போவார்கள். சாச்சா, சாச்சியைக் கொல்லையில் முக்காலி போட்டு உட்காரவைத்து கார்புரேட்டர் பாடம் நடத்தினார்.

“மனுசனுக்கு மூக்கு எப்பிடியோ வண்டிக்கு இந்த டின்னு அப்பிடி. காத்து தாராளமா போச்சின்னா பறக்கும். அடைச்சிகினா மூச்சு வாங்கும், ஓடாது” என்று அவர் சொல்லச் சொல்ல, சாச்சி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தலையாட்டினார். பாவம், ஒன்றும் விளங்காமல் ஆட்டுகிறாள் என்று அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

வண்டி பறக்கத்தான் செய்தது. சத்தமே மாறிவிட்டது. சாச்சா ரயிலுக்கு முன்பே போய்ச் சேர்ந்ததோடு நில்லாமல், வழியில் திருக்கழுக்குன்றத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தி, நாலு பேர் அதைச் சுற்றிவந்து பார்ப்பதை ரசித்துக்கொண்டே டீ குடித்துவிட்டு, அங்கே போன நேரத்தை மீதி ரோட்டில் பிடித்துவிடுவார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அவரை வழியனுப்ப முக்குவரை ஓடுவார்கள். நான் அந்த வண்டிக்காரரின் அண்ணன் மகள் என்பதால் ஓடாமல் வாசலில் நிமிர்ந்து நிற்பேன்.

பிறகு ஒருநாள் ஏரிக்கரை வளைவில் வண்டியோடு விழுந்து அடிபட்டு வந்தார். முழங்கையிலும் முழங்காலிலும் தோலே இல்லை. தலையிலும் ரத்தம். வளைவில் மாடு நின்றதாம், அதுவும் மரியாதை தெரியாத மாடாம் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். சாச்சி மட்டும் சிரிக்கவில்லை. வெந்நீர் வைத்துத் துடைத்து, மருந்து போட்டுவிட்டார். மெதுவாகப் போங்கள் என்று அத்தாவும் அம்மாவும் மாறி மாறிச் சொன்னார்கள். சாச்சா சரி சரி என்றார். மறுநாளே சத்தம் பழையபடி கேட்டது.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம், சாச்சா தூங்கிக்கொண்டிருந்தபோது, சாச்சி வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்ததைப் பார்த்தேன். டின்னின் சல்லடையைக் கழற்றி, தன்னுடைய பழைய, மெல்லிய வாயில் துணிப் புடவையில் கிழித்த துண்டை மடித்து உள்ளே திணித்துக்கொண்டிருந்தார். நீலப்பூ போட்ட புடவை அது. அதே துணியில் எனக்குப் பொம்மைக்குப் பாவாடை தைத்துக் கொடுத்திருந்தார், அதனால் நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

“மண்ணு போவாம இருக்கத்தான்” என்றார்.

சாச்சா நடத்திய பாடத்தை நானும் கேட்டவள்தானே. மண் போகக் கூடாது, சரிதான் என்று விளையாடப் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து வண்டி மறுபடியும் புகைய ஆரம்பித்தது. ஏற்றத்தில் திணறியது. சாச்சா சந்தேகப்படாத பொருள் இல்லை. பெட்ரோலில் கிருஷ்ணாயில் கலந்துவிட்டான் என்று பங்க்காரரைத் திட்டினார். பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். மெட்ராஸிலிருந்து சாமான் வரவழைத்துப் போட்டார். பால் டின்னை மட்டும் தொடவில்லை. தான் செய்த பொருளில் கோளாறு இருக்கும் என்று நினைக்கிற ஆள் இல்லை அவர்.

அந்த வாரம் மறுபடியும் ரயில் போய்விட்டது. முன்பு விட்ட இரண்டோடு சேர்த்து இது மூன்றாவது தடவை. பெட்டி திரும்பி வந்தது. ஐஸ் கரைந்து தண்ணீர் சொட்டச் சொட்ட இறக்கிவைத்தார்கள். எங்களுக்குக் கொண்டாட்டம். இறால் வறுவல், இறால் குழம்பு, இறால் பிரியாணி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கிண்ணம் கிண்ணமாகப் போனது. சாச்சி வெறும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். இறால் அவருக்குப் பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டு, அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன். இதுவே கடைசித் தடவை, அடுத்து வேறு ஆள்தான் என்று ஏஜெண்டு சொல்லிவிட்டதாக சாச்சா அத்தாவிடம் மெல்லிய குரலில் சொன்னார். அவர் மெல்லிய குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று சாயங்காலம் சாச்சி இரண்டு தடவை வண்டிக்குப் பக்கத்தில் போனார். டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சீட்டை மட்டும் துடைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த சாச்சா, வேறு வழியில்லாமல் டின்னைக் கழற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சல்லடை கழன்றதும் நீலப்பூத் துணி வெளியே வந்தது. கறுத்துப்போயிருந்தது. சாச்சா அதை விரித்துப் பார்த்தார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். அங்கே சாச்சி அம்மியில் மசாலா அரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது கத்தப்போகிறார் என்று நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் கத்தவில்லை. அந்தத் துணியைப் பெட்ரோலில் அலசி, பிழிந்து, வேலிமேல் காயப்போட்டார். காய்ந்ததும் லேசாக ஆயில் தடவி, நாலாக மடித்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து மூடினார். அப்புறம் கார்புரேட்டரைத் திறந்து, உள்ளே பெட்ரோலை அளந்துவிடுகிற ஊசியை அதன் வெட்டுப் பள்ளத்தில் ஒரு படி இறக்கிவைத்தார். காற்று குறைந்தால் பெட்ரோலும் குறைய வேண்டும், இல்லாவிட்டால் புகையும் என்று எனக்கு விளக்கம் வேறு. உதைத்துக் கிளப்பினார். புகையே இல்லை. சத்தம் மட்டும் சாதுவாகிவிட்டது.

துணியை எடுத்துவிட்டால் முன்புபோலப் பறக்குமே என்று கேட்டேன்.

“மண்ணு போவாம இருக்கத்தான், இருக்கட்டும்” என்றார்.

அதன்பிறகு அந்த வண்டி பறக்கவில்லை. ஆனால் ரயிலையும் விடவில்லை. திருக்கழுக்குன்றத்து டீக்கடையில் சாச்சா நிற்பதே இல்லை என்றும், கல்யாணமானதும் மனுசனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றும் அந்தக் கடைக்காரர் ஒரு தடவை அத்தாவிடம் குறைபட்டுக்கொண்டார். சாச்சி விடியலுக்கு முன்பே எழுந்து டீ போட்டுக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. சமையல்கட்டுக்கு ஓடி, சாச்சியின் துணியைச் சாச்சா கண்டுபிடித்துவிட்டார் என்று சொன்னேன். அம்மிக்குழவி அப்படியே நின்றது. சாச்சியின் முகம் வெளுத்துவிட்டது.

“இன்னா சொன்னாரு?”

ஒன்றும் சொல்லவில்லை, துவைத்துக் காயவைத்து, மடித்து அங்கேயே வைத்துவிட்டார் என்றேன்.

சாச்சி என்னையே பார்த்தார். பிறகு மசாலாக் கையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பயந்துபோய் அம்மாவிடம் ஓடி, சாச்சியின் நல்ல துணியைச் சாச்சா பெட்ரோலில் போட்டு நாசமாக்கிவிட்டார், அதனால் சாச்சி அழுகிறார் என்று புகார் சொன்னேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, என் பின்னலைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிவிட்டாள். கிழிந்துபோன பழைய புடவைதானே, அதற்குப் போய் ஏன் இப்படி அழ வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.