சப்பரம் நிற்காத வாசல்

சூரமங்கலத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கிலிருந்து முதலில் விலகிப் போனவர் என் அப்பா. ரயில்வேயில் ஃபிட்டர். ஒரு கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், உடன் வேலை செய்தவரோடு ஜங்ஷன் பக்கத்து ஜெபக்கூடத்துக்குப் போனார். திரும்பி வந்து, இனி மாதா சுரூபத்தின் முன் முழந்தாளிட மாட்டேன் என்றார். அம்மா விலகவில்லை. ஒரு ஞாயிறுகூடப் பூசைக்குத் தவறியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தண்டனை அவளுக்குத்தான் கிடைத்தது.

பிற்பாடு பத்திரிகை வேலையில் இருந்தபோது, ஐரோப்பாவில் எதிர்த்துப் பேசிய ஒரு துறவியை ரோமாபுரி எப்படிக் கையாண்டது என்று படித்தேன். முதலில் பொருட்படுத்தவில்லை. அப்புறம் பேசிப் பார்க்க ஆள் அனுப்பினார்கள். அவர் எழுதியதைக் கொளுத்தச் சொன்னார்கள். கடைசியில் விலக்கி வைத்தார்கள். எங்கள் பங்கிலும் அதே வரிசைதான். அங்கே சில வருடங்கள் ஆயின, இங்கே ஐந்து மாதம்.

"ரெண்டு வாரத்துல திரும்பிடுவாரு" என்று பங்குத் தந்தை சிரித்தார். பிறகு உபதேசியார் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அப்பாவோடு வாதாடி, காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். அப்பா தெருவில் கொடுத்த துண்டுப் பிரசுரங்களை வீடு வீடாக வாங்கி, பழைய குருத்தோலைகளோடு சேர்த்து எரித்தார்கள். அந்தச் சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று அம்மாவின் நெற்றியில் பூசினார்கள். அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வரிசையில் நின்றாள்.

மே மாதத் திருவிழாவில் மாதா சப்பரம் டிராக்டரில் வரும். ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். வீட்டுக்காரர்கள் நேர்ந்துகொண்டு உப்பும் மிளகும் வீசுவார்கள். அந்த வருடமும் அம்மா வாசல் தெளித்து, பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நின்றாள். மைக்கோடு முன்னால் வந்தவர் பங்குப் பேரவைச் செயலாளர், லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர்.

"இங்க நிக்காதப்பா. போ, போ, போயிக்கிட்டே இரு."

தெரு முழுக்கக் கேட்டது. அம்மா வீசிய உப்பு டிராக்டருக்குப் பின்னால் தார் ரோட்டில் விழுந்தது. அப்பா உள்ளே வேதாகமம் படித்துக்கொண்டிருந்தார். சப்பரம் நின்றாலும் போனாலும் அவருக்கு ஒன்றுதான்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. செயலாளரின் சட்டை நிறத்தையும் மைக்கில் சுற்றியிருந்த மஞ்சள் ரிப்பனையும் இன்றும் சரியாகச் சொல்வேன். மறக்கக் கூடாது என்று பார்த்து வைத்தவை.

பங்குத் தந்தைகள் மாறினார்கள். செயலாளர் மாறவில்லை. அப்பா இறந்த பிறகும் சப்பரம் எங்கள் வாசலில் நிற்கவில்லை. அம்மா ஒவ்வொரு மே மாதமும் பொட்டலத்தோடு நின்றாள்.

போன வருடம் சாக்கடை வேலைக்காகத் தெருவின் மறுமுனையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சப்பரம் வந்த வழியே திரும்ப வேண்டும். திருப்புவதற்கு இருந்த ஒரே இடம் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனை. அது என்னுடையது. இரும்பு கேட் போட்டிருக்கிறேன். செயலாளர் தேடி வந்தார். நடை தளர்ந்திருந்தது.

"ஏனுங்க, அஞ்சு நிமிசந்தானுங்க. கேட்டைத் தொறந்து உட்டீங்கன்னா டிராக்டரைத் திருப்பிக்குவோம்."

"அதுக்கென்னங்க, தாராளமா வாங்க."

"மாதா உங்களுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டாங்க" என்று சொல்லிப் போனார். நான் சொன்னது பொய்.

மாலை ஆறு நாற்பதுக்குச் சப்பரம் வந்தது. கேட்டில் பூட்டு தொங்கியது. முன்னால் குழி. பின்னால் ஜெனரேட்டர் வண்டி, பேண்டு செட், தெரு நிறைய ஜனம். மாதாவைப் பின்வாக்கில் கொண்டுபோகக் கூடாது என்பது அவர்களே வைத்த வழக்கம். டிராக்டர் எங்கள் வாசலில் நின்றது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

"சாவி எங்கீங்க?" என்றார் செயலாளர்.

"அம்மாகிட்ட இருக்குதுங்க."

இது உண்மை. அன்று மதியம்தான் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

டிராக்டர் நின்று அரை மணி நேரம் கழித்து, அம்மா குளித்து, புதுச்சேலை கட்டி வெளியே வந்தாள். பேண்டுக்காரர்கள் அதே பாட்டை நான்காம் முறையாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் கை கூப்பினார்.

"அக்கா, நேரமாச்சுங்க. சாவி."

"நில்லுன்னு சொல்லுங்க."

"அதான் நிக்குதுங்களே!"

"அன்னிக்குப் போன்னு சொன்னது நீங்கதானுங்க. மைக்குலதான் சொன்னீங்க. நில்லுங்கறதையும் மைக்குலயே சொல்லுங்க."

"சொல்லிப்போடுங்க மாமா, பசிக்குது" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார், விலக்கினார், மறுபடி கொண்டுபோனார்.

"நில்லு."

எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது.

அம்மா வீசிய முதல் பிடி மாதாவின் பாதத்தில் விழுந்தது. இரண்டாவது பிடி செயலாளரின் முகத்தில் விழுந்தது. கண்ணாடி போட்டால் அம்மாவுக்குக் குறி தப்பாது. போட்டிருந்தாள்.

அவர் ஒரு கையால் கண்ணைத் துடைத்தபடி, சாவிக்காக மறு கையை நீட்டினார்.

"இருங்க, காப்பி குடிச்சுப்போட்டு வாரேன்" என்று அம்மா உள்ளே போனாள். முந்தானை முடிச்சு அவிழவில்லை.