ஒரு விசாவும் முந்நூறு தட்டுகளும்

1. காது வேலை

கோப்பன்ஹேகனில் நான் வேலைக்குச் சேர்ந்த பீங்கான் தொழிற்சாலை, அரண்மனைக்குத் தட்டுச் செய்து பெயர் எடுத்தது. முதல் நாளே என்னை, தட்டுகளைத் தரம் பிரிக்கிற சோர்ட்டிங் பகுதிக்கு அனுப்பினார்கள். மேற்பார்வையாளர் இங்கர் ஒரு தட்டை விரல் நுனியில் ஏந்தி, சின்ன மரக்கட்டையால் தட்டினார். மணிபோல ஒலித்தது. இன்னொன்று 'டொப்' என்றது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு.

தட்டின் அடியில் இருந்த நீலக் குறியையும் காட்டினார். தட்டில் பூக்களைக் கையால் தீட்டுகிறவர் தன் குறியை அங்கே போடுவது பல தலைமுறை வழக்கமாம். வெடித்த தட்டை நான் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டால், வாங்கியவர் தீட்டியவரைத்தான் ஏசுவார் என்றார்.

2. அந்தப் புதன்கிழமை

மனைவி மலர் கொழும்பில் காத்திருந்தாள். குடும்பத்தை அழைக்க இலங்கைத் தமிழர் போட்ட விண்ணப்பங்கள் டேனிஷ் நீதி அமைச்சில் அசையாமல் கிடந்த வருடங்கள் அவை. அமைச்சரே வேண்டுமென்று நிறுத்தி வைத்தாரா என்று பிறகு டென்மார்க் நாடே விசாரித்தது. ஒரு புதன் காலை, ஹ்விடோவ்ரே புறநகரில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ராசன் தொழிற்சாலைக் கந்தோருக்கு ஃபோன் எடுத்தான்.

"அண்ணை, கடிதம் வந்திட்டுது. அண்ணி வரலாமாம்."

"வடிவா வாசிச்சனியே?"

"மூண்டு தரம் வாசிச்சிட்டன் அண்ணை."

மேசைக்குத் திரும்பினேன். கல்யாண விருந்து ஒன்றுக்கான முந்நூறு தட்டுகள் மதியம் லொறி ஏற வேண்டும். தட்டத் தட்ட எல்லாமே மணியாக ஒலித்தன. சிரித்துக்கொண்டே பெட்டிகளை நிரப்பினேன். இங்கர் வந்து மேலே இருந்ததை எடுத்துத் தட்டினார்.

டொப்.

தெரிந்த டேனிஷில், கடிதம் வந்த விசயத்தைச் சொன்னேன். அவர் தீட்டும் பகுதிக்குப் போய், என் செய்தியைச் சொல்லி, எல்லாரையும் தூரிகைகளை வைத்துவிட்டு வரச் சொன்னார். பெட்டிகளைப் பிரித்து, ஆளுக்கொரு கட்டையோடு தட்டத் தொடங்கினோம். மண்டபம் முழுக்கக் கிணுகிணுப்பு. தீட்டுகிற பெண் ஒருத்தி தாளம் பிடித்தாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு ஆட வராது. அன்றைக்கு ஆடினேன்.

நான்கு வெடிப்புகள் அகப்பட்டன. மாற்றுத் தட்டுகள் வைத்தோம். லொறி அரை மணித்தியாலம் பிந்திப் போனது.

"இன்றைக்கு உன் காது கொழும்பில் இருக்கிறது. வீட்டுக்குப் போ" என்றார் இங்கர்.

ரயிலில் ஹ்விடோவ்ரேயில் இறங்க மறந்து, சில நிலையங்கள் தாண்டி இஷொய் வரை போய்த்தான் திரும்பி வந்தேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கவலையோடு வந்தால் எப்படியோ வேலை நடந்துவிடும். சந்தோசச் செய்தி வந்தால் மட்டும் முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். அதைத் தனியே வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது.