ஹாட்வெயார் கடைக்கு மேலே ஒரு கெம்பஸ்

மாணவிகள் 'லெக்சரர் சேர்' என்று கூப்பிடும்போதெல்லாம் அஸ்மினுக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம். பேராதனையில் சமூகவியல் படித்து, அங்கேயே கொஞ்சக் காலம் தற்காலிக விரிவுரையாளராக நின்றவன்தான்; அவனுடைய பட்டத்தில் பொய்யில்லை. ஆனால் இப்போது அவன் விரிவுரை நடத்துவது புத்தளம் நகரத்தில், மாமனார் நஜாத் ஹாஜியாரின் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில். கீழே தகரம் வெட்டத் தொடங்கினால் பேச்சை நிறுத்தி, சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

பேராதனை ஒப்பந்தம் முடிந்து சொந்த ஊரான கனமூலைக்குத் திரும்பியவன், அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்து காத்திருந்தே வயதெல்லையைத் தாண்டிவிட்டான். அந்த நேரத்தில்தான் ஹாஜியார் கலியாணம் பேசி வந்தார்.

"மருமகன் படிச்சவரா இருந்தாப் போதும். தொழில நான் அமைச்சுத் தாரன்" என்றார்.

சொன்னதைச் செய்தார். மகள் ஸம்ஹாவைக் கொடுத்தார், இருக்க வீடு கொடுத்தார், கடைக்கு மேலே கதிரைகளும் வெள்ளைப் பலகையும் போட்டு ஒரு கெம்பஸைத் திறந்தார். படித்து முடித்தால் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பேரில் பட்டம்.

போன வருடம் வண்ணாத்திவில்லு ஊர்ப் பிள்ளை ஒருத்தி அந்தப் பட்டத்தோடு ஆசிரியர் நேர்முகத்துக்குப் போனாள். சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார்களாம். போனில் அழுதாள். அன்றைக்கே அஸ்மின் மாமனாரிடம் போனான்.

"மாமா, நம்மட கெம்பஸ் பதிஞ்சதுதானே?"

"பதியாம நடத்துவனா? கம்பனியாப் பதிஞ்சிருக்கு."

"பட்டம் குடுக்கிறதுக்கு வேற பதிவு வேணும் மாமா."

"அத ஆள் வச்சுப் பாக்கிறன். நீங்க பாடத்தப் பாருங்க மருமகன்."

யாரும் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. அஸ்மினும் இரண்டாம் முறை கேட்கவில்லை. மாமனார் தந்த வீட்டில் படுத்து, மாமனாரின் மோட்டார் சைக்கிளில் வந்து, மாமனாரின் கதிரையில் உட்கார்பவன் எந்த வாயால் கேட்பது? சனி, ஞாயிறு பாடம் நடத்தினான். வார நாட்களில் கடைக் கணக்குப் பார்த்தான். சாப்பாடு இறங்கியது, நித்திரைதான் சரியாக வரவில்லை.

உடப்பிலிருந்து ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டு வந்தவள் சுஜாந்தி. அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். ஒரு சனிக்கிழமை பாடம் முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அவள் படிக்கட்டில் நின்றாள்.

"சேர், ஒண்டு கேக்கணும். எனக்கு டீச்சருக்குப் படிக்கக் கல்வியியற் கல்லூரி கிடைச்சிருக்கு. அங்க போனா இத விடணும். இது டிகிரி, அது டிப்ளோமாதானே, டிகிரிதான் பெரிசு எண்டு அப்பா சொல்றார். நீங்க சொல்றபடி செய்யச் சொன்னார்."

கீழே மாமனாரின் குரல் கேட்டது. யாரோ மேசனுக்கு சீமெந்து ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அஸ்மின் கதவைச் சாத்தப் போய், தனியே ஒரு பெண்பிள்ளையோடு நிற்பது நினைவுக்கு வர, திறந்தே விட்டான்.

"நீங்க அங்க போங்க" என்றான் மெதுவாக.

"அப்ப இந்த டிகிரி?"

"அரசாங்கத்துல இது செல்லாது புள்ள."

அவளுக்குக் கோபம் வரும் என்று அவன் எதிர்பார்த்தான். வரவில்லை.

"தெரிஞ்சுகொண்டா சேர் இங்க படிப்பிக்கிறீங்க?"

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை உடப்பு வேன் வரவில்லை.

அன்று மாலை வீட்டில் அவன் ஸம்ஹாவிடம் நடந்ததைச் சொன்னான். அவளுக்கு ஏழு மாதம். கால் வீங்கி, கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"கனமூலைக்குப் போயிடுவமா?" என்று கேட்டான்.

"அங்க உங்கட தம்பியும் பொஞ்சாதியும் புள்ளைகளும் இருக்காங்க. இருக்கிற ரெண்டு அறையில நாம எங்க படுக்கிற?" அவள் சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே யோசித்துப் பார்த்துத்தான் கேட்டாள். "போய் என்ன தொழில் செய்வீங்க?"

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் வந்தார். கையில் மகளுக்கு மாதுளம்பழம். தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உடப்பு வேன் வரல்லயாம்."

"நான்தான் சொன்னன் மாமா, பட்டம் செல்லாது எண்டு." சொன்ன பிறகு அஸ்மினுக்கு மூச்சு லேசானது. திட்டட்டும், வெளியே போ என்று சொல்லட்டும். அப்படிச் சொன்னால் முடிவெடுக்கும் வேலை தனக்கில்லை.

ஹாஜியார் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"உண்மையத்தானே சொல்லியிருக்கீங்க. அதுல குத்தமில்ல. நானும் யோசிச்சன். எனக்கு இந்தப் படிப்பு விசயம் விளங்காது. இனி கெம்பஸ் உங்கட பேர்ல நடக்கட்டும். நீங்கதான் டிரெக்டர். சரி பிழை எல்லாத்தையும் நீங்களே பாருங்க."

ஸம்ஹா எழுந்து உட்கார்ந்து வாப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அஸ்மினுக்கு அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லும் வழி தெரியவில்லை. இனிமேல் யாராவது சான்றிதழோடு அழுதுகொண்டு வந்தால், அதில் இருக்கப்போவது அவனுடைய கையெழுத்து.

இரண்டு வாரத்தில் வாசலில் புதுப் பெயர்ப்பலகை ஏறியது. அதில் அவனுடைய பேர், கடையின் பேரை விடப் பெரிதாக.

புது வகுப்பின் முதல் நாளில், வருவது வரட்டும் என்று, பாடத்துக்கு முன்பே எல்லோருக்கும் விசயத்தைப் போட்டு உடைத்தான். இது அரசாங்க வேலைக்குச் செல்லாது, இது படிப்பு மட்டும்தான், விருப்பமில்லாதவர்கள் போகலாம் என்றான். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள்.

"விளங்கினதுதானே?" என்று மறுபடியும் கேட்டான்.

முன்வரிசையில் றுக்கியா என்று ஒரு பெண், இரண்டு பிள்ளைகளின் உம்மா. "விளங்குது சேர்" என்றாள். "வீட்டுல கெம்பஸுக்குப் போறன் எண்டாத்தான் விடுவாங்க. சும்மா போறன் எண்டா விடுவாங்களா? நீங்க படிப்பியுங்க."

சிலர் சிரித்தார்கள். அஸ்மினுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் எழுந்து போயிருந்தால் கதவைப் பூட்டிவிட்டு மாமனாரிடம் சாவியைக் கொடுத்திருப்பான். அதற்கான வார்த்தைகளைக் கூட வரும் வழியில் அடுக்கி வைத்திருந்தான்.

அப்போது ஹாஜியார் மேலே ஏறி வந்தார். சத்தம் போடாமல் கடைசிக் கதிரையில் உட்கார்ந்து, தொடருங்கள் என்று கையால் காட்டினார். மருமகனைப் பார்க்கும்போது அவருடைய முகம் மலர்ந்திருந்தது.

அஸ்மின் பலகைப் பக்கம் திரும்பி, குடும்பம் என்ற தலைப்பை எழுதினான்.