பாதியில் நிறுத்தக் கூடாத வேலை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எங்கள் தெருவே சொல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். அழுகை அதற்குப் பிறகுதான்.

கோலார் தங்கவயலில், கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், சுரங்கக்காரர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் நானும் அப்பாவும் இருந்தோம். அப்பாவை நான் கூப்பிடுவது நைனா என்று. நைனா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறையில் துளை போட்டவர். சுரங்கத்தை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது; அவர் நெஞ்சுக்குள் போன கல்தூசி மட்டும் இன்னும் டியூட்டி முடித்துக் கிளம்பவில்லை. மூக்கில் குழாயோடு ஆக்சிஜன் மெஷின் பக்கத்திலேயே கிடக்க வேண்டிய நிலைமை. அம்மா போன பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள என்னைத் தவிர யாரும் இல்லை.

என் வேலை, இன்னும் கட்டாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது. பெங்களூரில் அடுக்குமாடி விற்கிறவர்களுக்கு, மார்பிள் தரையும் நீச்சல் குளத்து வெயிலும் நிஜம் போலத் தெரிய வேண்டும். ஓதம் ஏறிய சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு அதையெல்லாம் மினுக்கிக் கொடுப்பேன். அந்தப் படங்களை முடித்துத் தருவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. என்னுடையது பழையது, ஒவ்வொரு படத்துக்கும் திணறும்.

ஆபீஸ் மேனேஜர் ஒருநாள் போன் செய்தார். “மேடம், இங்க இருக்கற மெஷின்ல சீக்கிரம் முடியுது. அடுத்த பிராஜெக்ட் படம் மொத்தமும் திங்கட்கிழமை வந்துடணும். வீட்ல இருந்து அந்த ஸ்பீடு வரலைன்னா டெய்லி ஆபீசுக்கு வந்துடுங்க” என்றார். தினமும் என்றால் இருட்டோடு பெங்களூர் ரயில் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்புவது. இங்கே பாதி ஊர் அப்படித்தான் போய்வருகிறது. ஆனால் அந்தப் பாதி ஊரின் வீட்டில் நைனா போல ஓர் ஆள் குழாயைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கிடக்கவில்லை. புதுக் கார்டு வாங்கும் நிலையில் நான் இல்லை. இருப்பதை வேகப்படுத்துவது ஒன்றுதான் வழி.

கார்டுக்குள் ஒரு சின்ன சிப் உண்டு. எவ்வளவு கரண்டு இழுக்கலாம், எவ்வளவு வேகம் போகலாம் என்ற உத்தரவெல்லாம் அதில்தான். அதற்கு பயாஸ் என்று பெயர். என் கார்டையே கொஞ்சம் உயர்ந்த ரகமாகவும் விற்றிருந்தார்கள். பலகை, கரண்டு வாங்கும் பாகம், ஃபேன் எல்லாம் ஒன்றுதான், உத்தரவு மட்டும் வேறு. அந்த உத்தரவை எடுத்து இதில் எழுதினால் வேகத்தின் உச்சவரம்பு ஏறும். யூட்யூபில் ஒரு பையன் இதைச் சிரித்துக்கொண்டே செய்து காட்டினான். அவனுக்கென்ன, கார்டு போனால் அப்பா வாங்கித் தருவார்.

நான் அவசரக்காரிதான், ஆனால் இதில் அவசரப்படவில்லை. இரண்டு ரகக் கார்டிலும் மெமரி சிப் ஒரே தயாரிப்பா என்று பார்த்தேன். கார்டைக் கழற்றித் தூசி தட்டி, சூட்டைக் கடத்துவதற்காகத் தடவிக் காய்ந்துபோயிருந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். பழைய பயாஸை முதலில் பென்டிரைவில் பத்திரப்படுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்ததுகூட, தெருமுனை வெல்டிங் கடை மூடியிருக்கும், வோல்டேஜ் ஆடாது என்றுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டருக்குக் கரண்டு நின்றால் மட்டும் தப்பிக்க வழி கிடையாது. என் கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் தர வேறு எதுவும் இல்லை. கார்டு செத்தால் திரையும் செத்தது, திங்கட்கிழமையும் செத்தது.

நைனாவிடம் சொன்னேன். “கொஞ்ச நேரந்தான் நைனா. பாதியில கம்ப்யூட்டருக்கு கரண்டு போனா கார்டு போயிடும். கதவை சாத்திக்கிறேன், கூப்புடாதீங்க.”

அவர் தலையாட்டினார். “வெடிமருந்து வெச்ச துளைய பாதியில வுட்டுட்டு வரக்கூடாதும்மா. அடுத்த ஷிப்ட்டுக்காரன் செத்துப்பூடுவான். நீ போய் முடி.”

கட்டளையைக் கொடுத்தேன். திரை ஒரு கணம் இருண்டு திரும்பியது. பழையதை அழித்துப் புதியதை எழுத ஆரம்பித்தது. அப்போதுதான் தலைக்கு மேல் ஃபேன் நின்றது. கரண்டு போய்விட்டது.

நைனாவின் மெஷினுக்காக வைத்த இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரையும் இணைத்திருந்தேன், அது தாங்கிக்கொண்டது. ஆனால் காலையில் ஒருமுறை கரண்டு போனதில் பாட்டரி பாதி தீர்ந்திருந்தது. கம்ப்யூட்டரையும் ஆக்சிஜன் மெஷினையும் சேர்த்து இழுக்க முடியாமல் இன்வெர்ட்டர், நைனா இருந்த வெளி அறையில், கத்த ஆரம்பித்தது. அது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை. கார்டைப் பற்றி அத்தனை கணக்கு போட்டவள் இதை யோசிக்கவே இல்லை. எழுந்தால் என்ன செய்வது என்று புரியாமல், திரையைப் பார்த்து மாரியாத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கத்தல் நின்றது. பாட்டரி எப்படியோ சமாளித்துவிட்டது என்று நினைத்தேன். எழுதி முடித்ததாகத் திரையில் வந்தது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன், படம் வந்தது. உச்சவரம்பு ஏறியிருந்தது. சரியாகத்தான் இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். நைனாவிடம் சொல்லலாம் என்று கதவைத் திறந்தேன்.

ஆக்சிஜன் மெஷின் ஓடவில்லை. ஸ்விட்சை அவரே அணைத்திருந்தார். கட்டில் விளிம்பில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் ஏறி இறங்க, வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. மூலையில் ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. அதன் திருகைத் திறக்க அவர் கைக்கு வலு இல்லை, என்னைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை.

சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டிவிட்டேன். பாட்டரி மெஷினுக்கு மிஞ்சட்டும் என்று கம்ப்யூட்டரை ஓடிப்போய் அணைத்தேன். உதட்டில் நிறம் திரும்பும்வரை அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். நிறம் திரும்பியதும் பிடித்தேனே ஒரு பிடி. “உங்களுக்கு அறிவு இருக்குதா? உசிரு போயிருந்தா? ஒரு தகர அட்டைக்காக உசிர வுடுவாங்களா?” பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் கையால் என் அறையைக் காட்டி, முடிந்ததா என்று புருவத்தால் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

கரண்டு வந்த பிறகு கார்டை ஓட்டினேன். சூடு அடங்கியே இருந்தது, படங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. திங்கட்கிழமை எல்லாவற்றையும் அனுப்பினேன். அன்று பூராவும் நைனாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சியை டொக்கென்று வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்.

அதைச் சொல்லத்தான் வேண்டும், அதனால் போய்ச் சொன்னேன். “இனிமே நான் எங்கயும் போவ வேணாம்.” அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “ஆனா நேத்து ஏன் அப்டி பண்ணீங்க? அந்த மெஷின் இல்லனா நீங்க இல்லன்னு தெரியாதா?”

நைனா குழாயைச் சரிசெய்துகொண்டார். ஒரு வாக்கியத்துக்கு வேண்டிய மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

“நீ ரயிலேறிப் பூட்டா, நாள் பூரா இது ஓடி எனக்கு இன்னாம்மா ஆவப் போவுது? இதுங்கிட்டயா பேசிக்கினு இருப்பேன்?”