‘ஜமால் பாடு முடிஞ்சுது’: பழவேற்காடு, 1987

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் உண்டு, இறால் சாப்பிடப் போகிறவர்கள் உண்டு. நான் முதன்முதலாகப் போனது, ஒரு ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்து வர. 1987, பொங்கல் முடிந்த வாரம். போகச் சொன்னது ஒரு கம்ப்யூட்டர். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது நான் சென்னையில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் புரோகிராமர். எங்களிடம் ஒரே ஒரு வொர்க்ஸ்டேஷனும், அதைப் பகிர்ந்துகொள்ள நாலைந்து டெர்மினலும் இருந்தன. ஏசி அறை, கண்ணாடிக் கதவு, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோயில் தோற்றது. அதில் ஓடியது யூனிக்ஸ். பல்கலைக்கழகங்களில் கைமாறிக் கைமாறி வளர்ந்த சிஸ்டம் என்பதால் அதன் சோர்ஸ் கோடும், அதாவது மூல எழுத்தும், டேப்பில் கூடவே வந்திருந்தது. பிழை இருந்தால் நாமே உள்ளே புகுந்து திருத்தலாம். திருத்தியதை டேப்பில் ஏற்றித் தெரிந்த இடங்களுக்கெல்லாம் அனுப்பலாம். ஓப்பன் சோர்ஸ் என்ற பெயரே அப்போது கிடையாது. பழக்கம் மட்டும் இருந்தது.

அந்த வேலையில் எங்களில் கெட்டிக்காரர் ஜமால். பழவேற்காட்டுக்காரர், இறால் வியாபாரக் குடும்பம், அதிகம் பேசமாட்டார். டிசம்பரில் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. வீட்டில் போன் கிடையாது. லீவை நீட்டியிருப்பார் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒரு நாள் மதியம், எல்லோரும் வேலையில் இருக்கும்போது, எல்லா டெர்மினலிலும் ஒரே நேரத்தில் ஒரு வரி வந்து நின்றது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

‘ஜமால் பாடு முடிஞ்சுது. அடுத்த பாடு ரேவதி.’

ரேவதி நான்தான். யாரும் எதையும் தட்டவில்லை. பக்கத்து சீட்டு சேகர் அதை முதலில் ‘படு’ என்று படித்தான். பிறகு ‘பாடு’ என்று படித்தான். எப்படிப் படித்தாலும் நன்றாக இல்லை.

“பாடு முடிஞ்சுதுன்னா கஷ்டம் தீர்ந்துது, ஆள் போயாச்சுன்னுதானே சொல்லுவாங்க?” என்றான். அடுத்த பெயர் என்னுடையது என்பதைச் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தான்.

தேடிப் பார்த்தால், ஜமால் பெயரில் ஒரு புரோகிராம் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. யார் கண்ணிலும் படாமல் இப்படி ஓடுபவற்றுக்கு எங்கள் தொழிலில் டீமன் என்று பெயர். பூதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சோர்ஸைத் திறந்து படித்தேன். ஜமால் முப்பது நாள் உள்ளே வராவிட்டால் இந்த வரியைப் போடு, அவருடைய கோப்புகளையெல்லாம் ரேவதிக்குத் திறந்துவிடு. ரேவதி முப்பது நாள் வராவிட்டால், அந்த மெஷினில் கடைசியாகச் சேர்ந்த ஆளுக்கு. அவ்வளவுதான். எனக்கு அது உயில் மாதிரி இருந்தது. “இதை நிறுத்திடு சேகர்” என்றேன். “செத்தவன் பேர்ல ஓடறதை நான் தொடமாட்டேன்” என்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளும் அதே மதியம், அதே வரி. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்துப் பொன்னேரியில் இறங்கினேன். அங்கிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸுக்கு அன்று இரண்டு ரூபாய். திருப்பாலைவனம் வரை பச்சை வயல். அதைத் தாண்டியதும் மரங்கள் குறைந்து உப்பு வாடை வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்க, கடைசியில் நானும் கண்டக்டரும்தான். ஜன்னலுக்கு வெளியே ஏரியும் வானமும் ஒரே வெள்ளை. எங்கே தண்ணீர் முடிகிறது என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டேன். இறால் வியாபாரம் செய்கிற வீடு, ஜமால் என்று பெயர்.

“ஜமாலு பாயா?” என்றார் கடைக்காரர், டீயை ஆற்றிக்கொண்டே. “அவுரு பாடு நேத்தோட முடிஞ்சிப் போச்சேம்மா. தோணிரேவுல போயி பாரு, எல்லாம் அங்கதான் கீறாங்க.”

நேற்றோடு. மெஷின் முதலில் சொன்னது முந்தாநாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. டீயைக் குடிக்காமல் நடந்தேன்.

போகிற வழியில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம். வாசலின் இரு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். நீங்கள் நிதானமாகப் பாருங்கள், அருமையான வேலை. நான் அன்று தலையைக் குனிந்துகொண்டு ஏறக்குறைய ஓடினேன். அடுத்த பாடு ரேவதி, அடுத்த பாடு ரேவதி என்று மனசுக்குள் ஒரு சனியன் சொல்லிக்கொண்டே வந்தது.

தோணிகள் வந்து ஒதுங்கும் அந்தத் தோணிரேவுக் கரையில் சாவுக் கூட்டம் எதுவும் இல்லை. ஒரு அம்மாள் மட்டும் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாமா, மூஞ்சி இப்டி வெளுத்துக் கெடக்குது?”

ஜமால் என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஏரியைக் காட்டினார். “அந்தா கீறாரே, தண்ணில.”

பார்த்தேன். கரையிலிருந்து வெகு தூரத்தில், அந்த வெள்ளைக்கு நடுவில், ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். படகில் அல்ல. தண்ணீர் மேல். முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லாமல். நான் பார்க்கப் பார்க்க அந்த உருவம் கரையைப் பார்த்து நடந்து வர ஆரம்பித்தது.

அந்த ஏரியில் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான் என்பது எனக்கு யாரும் சொல்லாத விஷயம். உருவம் பெரிதாகி, தோளில் ஒரு கட்டுக் கழியோடு, லுங்கியை மடித்துக் கட்டியபடி என் முன்னால் வந்து நின்றது.

“ரேவதி? நீங்க எங்க இங்க?”

“செத்துப் போயிட்டீங்கன்னு வந்தேன்” என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

“மெஷின்ல சொல்லிட்டுத்தானே வந்தேன். அத்தாவுக்குக் கண்ணு போயிடுச்சு. ஏவாரத்த நான்தான் பாக்கணும். இனிமே வரமாட்டேன்னு லீவுக்கு முன்னாடியே தெரியும். நேர்ல சொன்னா வுடமாட்டீங்க. அதான் பாடு முடிஞ்சுதுன்னு எழுதி வெச்சேன்.”

“பாடு முடிஞ்சுதுன்னா ஊர்ல செத்துட்டான்னு அர்த்தம்!”

கருவாட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஐய, பாடுன்னா மொறைமா. ஏரி யாருக்கும் சொந்தமில்ல. சீட்டுப் போட்டு, இன்னிக்கி இந்த எடத்துல கழி நட்டு சுத்து வலை கட்டறது உன் பாடு, அப்பறம் எங்க பாடு. எங்க நைனா காலத்துலருந்து அப்டித்தான். இவுரு நம்ம ஆளுங்களோட ஏரிக்கி வந்தாரு. நேத்தோட எங்க பாடு முடிஞ்சிது, மத்தவங்க போயாச்சு, இவுரு கடைசியா கழிய புடுங்கினு வராரு.”

ஜமாலுக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது. “உலகத்துல எல்லாருக்கும் பாடுன்னா இதான்னு நெனச்சிட்டேன்” என்றார், நிஜமான வருத்தத்தோடு. அவருடைய திருத்தங்கள் எல்லாம் ஒரு டேப்பில் எங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன, யார் கேட்டாலும் கொடுங்கள், பூட்டிவைக்காதீர்கள் என்றார். அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியில் வீட்டையே எழுதிக் கேட்டாலும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

கேட்ட ஊர்களுக்கெல்லாம் டேப்பைப் பிரதி எடுத்து அனுப்பினேன். அடுத்து வந்த மெஷின்களில் கம்பெனிக்காரர்கள் சோர்ஸ் தராமல் மூடிவிட்டார்கள். பழைய சிஸ்டத்தில் திறந்து பார்த்துப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? உலகம் பூராவும் அந்த மாதிரி ஆட்கள்தான் பிறகு தாங்களே புதிய சிஸ்டம் எழுதித் திறந்துவைத்தார்கள்.

போகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், காலையிலேயே போங்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். படகுக்காரரிடம் ஏறுவதற்கு முன் பேசிக்கொள்ளுங்கள். ஏரி நடுவில் யாராவது நின்றால் பயப்படாதீர்கள்.

அனுப்பிய டேப்போடு அந்தப் பூதமும் போயிருக்கிறது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒன்றிரண்டு வருடம் கழித்து, வடக்கே ஒரு ஊரிலிருந்து ஆபீசுக்கு ஒரு டிரங்க் கால் வந்தது. பேசியது தமிழ்ப் பெண், அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். நான் ஹலோ என்றதும் மெல்லிய குரலில் கேட்டாள்.

“ரேவதி மேடம்? நீங்க... இருக்கீங்களா? எங்க மெஷின்ல மத்தியானத்துலருந்து ஒரு வரி வந்துக்கிட்டே இருக்கு. உங்க பேர் போட்டு. அடுத்தது என் பேர்.”

“இருக்கேம்மா” என்றேன். “பாடுதான் முடிஞ்சுது.”