வனத்தாயி மரத்தில் குடியேறிய அரக்கி

சிவரஞ்சனிக்கு இளவரசிகளின்மேல் பெரிய அக்கறை கிடையாது. ஒரு பாவாடை, ஒரு கிரீடம், கொஞ்சம் பெரிய கண்கள் என்று மளமளவென்று முடித்துவிடுவாள். இளவரசிக்குப் பின்னால் நிற்கிற காடுதான் அவளை நாள்கணக்கில் உட்கார வைக்கும். ஒரே இழுப்பில் இலைகளைக் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிற பிரஷ்கள் அவள் படம் வரைகிற டேப்லெட்டில் இருக்கத்தான் செய்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டாள். ஒவ்வொரு இலையையும் பேனாவால் தனித்தனியே வரைவாள். இலைக்குப் பின்னால் கொடி, கொடிக்குப் பின்னால் பாசி பிடித்த பட்டை, அதற்கும் பின்னால் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மலையணிலின் வால்.

"யாருட்டி இதையெல்லாம் உத்துப் பாக்கப் போறா?" என்று அம்மா செல்லத்தாய் கேட்பாள்.

"பிள்ளைக பாக்கும்மா. அதுகளுக்குத்தான் வேற சோலி கெடையாதே" என்பாள் மகள்.

இந்த வேலைக்கு அவள் வந்து சேர்ந்ததே ஒரு வேலையைப் பறிகொடுத்துத்தான். ராஜபாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் முகப்பருவை அழிக்க வேண்டும், பெண்ணை வெளுப்பாக்க வேண்டும், பிறகு இரண்டு பேரையும் பெயர் தெரியாத ஏதோ ஒரு வெளிநாட்டு அருவியின் முன்னால் நிறுத்த வேண்டும். சேத்தூரைத் தாண்டிப் போயிராத ஜோடிகளெல்லாம் அவள் கையால் பனிமலை ஏறிவிட்டு வந்தன. ஒருநாள் சலிப்புத் தாங்காமல், ஒரு ஜோடிக்குப் பின்னால் இருந்த அருவியைத் தூக்கிவிட்டு, செண்பகத்தோப்புக் காட்டைத் தானே வரைந்து வைத்துவிட்டாள். பெண் வீட்டார் கொதித்துப் போனார்கள். "ஃபாரின் கேட்டா மாடு மேய்க்கப் போற காட்டைப் போட்டுத் தாரீக!" என்று கடைவாசலில் நின்று கத்தினார்கள். முதலாளி அன்று மாலையே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்.

ஆனால் அந்தக் காடு அவளை விடவில்லை. ஜோடியை எடுத்துவிட்டு அங்கே ஒரு இளவரசியை நிறுத்தினாள். அடுத்து பேசும் நரி, அடுத்து மரத்தடியில் தூங்குகிற பூதம். இணையத்தில் போட்டாள். ஆரம்பத்தில் தெரிந்தவர்கள் மட்டும் லைக் போட்டார்கள், போகப்போகத் தெரியாதவர்களும் பார்த்தார்கள். கடைசியில் சென்னையில் இருந்து ஒரு சிறுவர் பதிப்பகம் கூப்பிட்டுவிட்டது. கதையை அவர்களே கொடுத்தார்கள். காட்டுக்குள் வருகிறவர்களின் பாதைகளை எல்லாம் இடியாப்பம் மாதிரி சுருட்டித் தின்றுவிடுகிற ஒரு அரக்கி, அவளிடம் போய் வழியைத் திருப்பிக் கேட்கிற ஒரு இளவரசி. புத்தகம் முழுக்கச் சிவரஞ்சனியின் படங்கள், அட்டையில் அவள் பெயர்.

அரக்கி என்றால் அவளுக்கு ஒரு வீடு வேண்டுமே. சிவரஞ்சனி ஒரு மரம் வரைந்தாள். பனிமூட்டத்தில் இருந்து எழும்பி, மூன்று பெரும் கிளைகளைக் கைகள் மாதிரி விரித்து, நடுவில் ஒரு இருட்டுப் பொந்தோடு, வௌவால்கள் தொங்க, உச்சி எங்கே என்று தெரியாமல் படத்தைத் தாண்டிப் போகிற மரம். பொந்துக்குள் அரக்கி சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு ஒற்றையடிப் பாதையைத் தின்றுகொண்டிருந்தாள். வரைந்து முடித்ததும் சிவரஞ்சனிக்கே முதுகு சிலிர்த்தது. இதைவிட நல்ல படம் இனி வரைவோமா என்று தோன்றியது. புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த மரத்தைத் தூரத்தில் வைத்து, பக்கம் திருப்பத் திருப்ப அதை நெருங்கி வரச் செய்தாள். மொத்தக் காடும் அந்த ஒரு மரத்தைச் சுற்றித்தான் வளர்ந்திருந்தது.

செல்லத்தாய்க்குப் பெருமை பிடிபடவில்லை. மகளைக் கேட்காமலே படத்தை எடுத்து, 'வனத்தாயி துணை' என்ற பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். பூங்கொத்தும் கைதட்டலுமாகக் குவிந்தன. அதற்கு நடுவே தேவதானத்தில் இருந்து பெரியப்பா கண்ணுச்சாமியின் குரல் வந்து விழுந்தது.

"ஏ செல்லத்தாயி, இது நம்ம வனத்தாயி மரம்லா? அதுக்குள்ள எதை உக்கார வச்சிருக்கா ஓம் மக?"

அதோடு கைதட்டல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆமாம், அதே மூணு கை. ஆமாம், அதே பொந்து. பார்த்த உடனேயே எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு, சொல்லத்தான் இல்லை. கைதட்டினவர்களும் தங்கள் கைதட்டலை அழித்துவிட்டார்கள்.

வனத்தாயி அவர்களுடைய குலசாமி. செண்பகத்தோப்பில் வனத்துறைச் சோதனைச் சாவடியில் சொல்லிவிட்டு உள்ளே நடந்தால், ஒரு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். சிலை கிடையாது, கோபுரம் கிடையாது, மரம்தான் அவள். ஓடையில் கால் வைத்ததும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், பொங்கல் வைத்து முடித்துத் திரும்ப ஓடையைத் தாண்டுகிறவரை நிமிரக் கூடாது. அண்ணாந்து அவளைப் பார்த்தால் கண் அவிந்துபோகும். தேனடை தேடி அண்ணாந்து பார்த்த ஒரு பாட்டன் குருடாகிப்போன கதையைச் சொல்லித்தான் எல்லாப் பிள்ளைகளையும் அங்கே கூட்டிப்போவார்கள். அடிமரத்தைச் சுற்றிய சிவப்புப் பட்டும், மாலைக் குவியலும், விளக்கும் மட்டும்தான் அவர்கள் கண்டது.

சிவரஞ்சனி உள்ளே உட்கார்ந்து அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வரைகிறபோது மனசில் ஓடினது அந்த இடம்தான். அந்த ஈரவாசம், அந்த இருட்டு, தலைக்கு மேலே ஏதோ பெரிதாக நிற்கிறது என்ற அந்த நடுக்கம் எல்லாம் அங்கே பட்டதுதான். குலசாமியின் வயிற்றுக்குள் அரக்கியைக் கொண்டுபோய் வைத்துவிட்டோமே என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. படத்தை அழிப்பதா? அழித்தால் புத்தகமே போச்சு, அடுத்த வாரம் அச்சுக்குப் போக வேண்டும். அழிக்காவிட்டால்? அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாளே பெரியப்பா வந்துவிட்டார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று இப்போது தேவதானத்தில் விவசாயம். எல்லையில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே கிடந்தவர், குரலை உயர்த்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அன்றைக்கு அவர் கத்தவில்லை, அதுதான் சிவரஞ்சனியைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

"ஒன்னைய வைய வரலட்டி. ஒங்கப்பன் இல்லாத வீடு. நாளப்பின்ன ஒனக்கு ஏதும் ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?"

"இப்ப என்ன செய்யச் சொல்லுதீக பெரிப்பா?"

"அவகிட்டயே உத்தரவு கேப்போம். வெள்ளிக்கிழம பூக்கட்டிப் பாப்போம். வெள்ளப்பூ வந்தா ஒம்பாடு. செவப்பு வந்தா அம்புட்டையும் அழிச்சிரணும். சரிதானா?"

சரி என்றாள். வேறென்ன சொல்ல முடியும்? வெள்ளிக்கிழமை வரை இருந்த இரண்டு நாளும் டேப்லெட்டைத் திறக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மூவரும் செண்பகத்தோப்புக்குப் போனார்கள். பூசாரி இருளப்பசாமி முன்னால் நடந்தார். ஓடையில் தண்ணீர் கணுக்காலளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஒருவர் குதிகாலை இன்னொருவர் பார்த்தபடி போய் நின்றார்கள். செல்லத்தாய் ஒரு இலையில் வெள்ளைப்பூவும் இன்னொன்றில் சிவப்புப்பூவுமாக மடித்து இரண்டு பொட்டலமாகக் கட்டி விளக்கு முன்னால் வைத்தாள்.

"எதுக்கு உத்தரவு கேக்கோம்னு எனக்குத் தெரியணும்லா? படத்தக் காட்டும்மா" என்றார் பூசாரி.

சிவரஞ்சனி டேப்லெட்டை நீட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இது அம்மாதானா?"

"பாத்தாத் தெரியலயா வே? எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் சொல்லுதாவ" என்றார் கண்ணுச்சாமி தரையைப் பார்த்தபடியே.

"அவிய சொல்லுவாவ. இது அந்த மரந்தானான்னு தெரியாம, தெய்வத்துக்கிட்ட போயிப் பிராது சொல்லலாமா? பொய்ப் பிராதா இருந்தா அது வேற பாவம்லா."

"அப்ப நீரு அண்ணாந்து பாத்துச் சொல்லும்."

"நல்லாருக்கே கத! எங்கப்பாவும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல. எனக்கு மட்டும் ரெண்டு கண்ணு உபரியாவா இருக்கு?"

நான்கு பேரும் குனிந்த தலையோடு நின்றார்கள். ஒரு மரம் எப்படி இருக்கும் என்பதற்காகப் பெரிய வழக்கே நடக்கிறது, வழக்குக்குரிய மரம் தலைக்கு மேலேயே நிற்கிறது, பார்த்த சாட்சி ஒருவர்கூட இல்லை. பங்காளிகள் அத்தனை பேரும் அடையாளம் கண்டுபிடித்தது, ஒருத்தரும் தங்கள் வாழ்நாளில் பார்த்திராத மரத்தை. இது சிவரஞ்சனிக்கு அப்போதுதான் உறைத்தது. தானும் பார்த்ததில்லையே!

"நான் பாக்கேன்" என்றாள்.

செல்லத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாண்டி. கண்ண வச்சித்தாண்டி நீ பொழைக்க."

"படம் போட்டது நாந்தானம்மா. வேற யாரு பாக்க?"

பூசாரி கொஞ்சம் யோசித்தார். பிறகு கைநிறையச் சூடத்தை அள்ளி வைத்துக் கொளுத்தினார். "தாயி, ஆகாதத்தனத்துல பாக்கல. சந்தேகம் தீரட்டும்னு ஒன் பிள்ள பாக்குது. சூடம் எரியிற மட்டும் கண்ண மூடிக்க" என்று உரக்கச் சொன்னார். சாமியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்ன பூசாரியை அந்தக் காடு அன்றுதான் கண்டிருக்கும்.

அதே மூன்று கையும் அதே பொந்தும் மேலே இருந்தால், பூவைக்கூடப் பார்க்காமல் அத்தனை படத்தையும் அழித்துவிடுவது என்று சிவரஞ்சனி மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள். சிவப்புப் பட்டில் இருந்து மெல்லக் கண்ணை மேலே கொண்டுபோனாள். பட்டு முடிந்தது. பட்டை தொடங்கியது.

வெளுத்த பட்டை. வழவழப்பான, நேரான ஒரே தண்டு. பொந்து கிடையாது. உயரத்தில் அது இரண்டாகப் பிரிந்து, இளம்பச்சை இலைகளோடு வெயிலில் நின்றது. வௌவால் ஒன்றையும் காணோம். ஒரு கவட்டில் மலையணில் கூடு கட்டியிருந்தது. கூட்டுக்குச் சொந்தக்காரர் எட்டிப் பார்த்து, யார் இவர்கள் என்பது போல் ஒரு அதட்டுப் போட்டார். பக்கத்து மரங்களைவிட அது சின்ன மரம்தான்.

சிவரஞ்சனி கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள். கண் நன்றாகத் தெரிந்தது. முன்னைவிடத் தெளிவாகவே தெரிந்ததுபோல் இருந்தது. நெஞ்சில் மூன்று நாளாக உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்க, அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள்.

"அம்மா, இது இல்லம்மா! நான் வரைஞ்சது இது இல்ல. வனத்தாயி எம்புட்டு அழகா இருக்கா பாரும்மா!"

செல்லத்தாய் மகளின் கண்ணைத்தான் முதலில் பார்த்தாள். அது சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு தானும் அண்ணாந்தாள். "அடி ஆத்தே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூசாரி கையைக் கூப்பிக்கொண்டு பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தன வருசம் பட்டுக் கட்டுதேன். நீ இப்பிடியா தாயி இருக்க?" என்றார்.

கண்ணுச்சாமி மட்டும் நிமிரவில்லை.

சூடம் சின்னதாகிக்கொண்டு வந்தது. சிவரஞ்சனி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் மோவாய் நெஞ்சில் அழுந்திக் கிடந்தது, மீசை லேசாக ஆடியது. இவருக்குக் கோபமே இல்லை, பயம்தான் என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. அவள் அவர் கையைப் பிடித்தாள். உழவு வேலையில் காய்ப்புக் காய்த்த கை, ஜில்லென்று இருந்தது.

"பெரிப்பா, ஒண்ணும் ஆவல. செத்த பாருங்க."

அவர் பார்த்தார். முதலில் ஒரு கண்ணால், பிறகு இரண்டு கண்ணாலும். சூடம் அணைந்தது. அவர் பார்ப்பதை நிறுத்தவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

"இம்புட்டுத்தானா" என்று மெதுவாகக் கேட்டார். பெருமூச்சு விட்டுக்கொண்டு ஓரத்துப் பாறையில் உட்கார்ந்தார். டேப்லெட்டை வாங்கி, படத்தையும் மரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப நீ வரைஞ்சது எந்த மரம்டி?"

சிவரஞ்சனி உள்ளதைச் சொன்னாள். "சின்னதுல இங்கன குனிஞ்சு நிப்பேன்லா, அப்ப என் தலைக்கு மேல நின்னுச்சே பெரிப்பா, அந்த மரம்."

அவர் படத்தின் மூன்று கைகளையும் பொந்தையும் விரலால் தடவினார். எழுபதை நெருங்குகிற மனுஷன், அவர் கண் நிறைந்துவிட்டது.

"என் தலைக்கு மேலயும் இதுதாண்டி நின்னுச்சு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்தான் முதலில் சிரித்தார்.

பூப்பொட்டலங்களை யாரும் பிரிக்கவில்லை. செல்லத்தாய் இரண்டையும் அப்படியே மரத்தடியில் வைத்துவிட்டாள். திரும்புகையில் கண்ணுச்சாமி ஓடைக்கு இந்தப் பக்கம் வரும்வரை நிமிர்ந்துதான் நடந்தார், அதனால் பாசிக்கல்லில் வழுக்கி முழங்கால் வரை நனைந்தார். அதற்கும் சிரித்தார்.

"அரக்கி இருந்துட்டுப் போறா" என்றார் வேட்டியைப் பிழிந்துகொண்டே. "படத்துல நிக்கது அவ மரந்தான். நம்ம ரெண்டு பேருந்தான் அவளக் கொண்டாந்து இங்கன குடி வச்சிருந்தோம்."