ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போன வாரிஜா

மங்களூர் பக்கம் மூல்கியில் ஒரு வீட்டில் கரண்டு கோளாறு என்றால் முதலில் வாரிஜாவைக் கூப்பிட மாட்டார்கள். தெரிந்த ஆள் ஒருவனுக்குப் போன் போடுவார்கள். அவன் எடுக்க மாட்டான். இன்னொருவன் "இதோ வந்துட்டே இருக்கேன்" என்பான். சாயங்காலம் வரை வந்துகொண்டே இருப்பான். ஃபிரிட்ஜில் வைத்த மீன் வாடை வீச ஆரம்பித்த பிறகுதான், "சரி, அவளையே கூப்பிடு. நாலு திட்டுத் திட்டுவா, வாங்கிக்க வேண்டியதுதான்" என்று முடிவுக்கு வருவார்கள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. வாய்தான். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பையைத் தோளில் மாட்டிப் படியேறும்போதே தொடங்கிவிடுவாள். "இந்த ஒயரை இழுத்த மகராசன் யாரு? அவன் கையை உடைக்கணும். அதை வேடிக்கை பார்த்துட்டு நின்ன உங்களை என்ன பண்றது?" காபி கொடுத்தால் குடிக்க மாட்டாள். அவள் புருஷன் வாமன், மங்களூர் பஸ்ஸில் கண்டக்டர். நாளெல்லாம் ஊர்ப் பெயரைக் கூவிவிட்டு வருகிறவன் வீட்டில் வாயே திறப்பதில்லை. "ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும்" என்பான்.

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் ஒயர் இல்லாத வீட்டைக் கண்டால் வாரிஜாவுக்கு ஆகாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் முந்திரி ஆலையில் பருப்பு உரிக்கப் போனாள். அங்கே ஒரு உலர்த்தும் மெஷின், தொட்டால் சுரீர் என்று இழுக்கும். மேஸ்திரியிடம் சொன்னால், "செருப்புப் போட்டுக்கிட்டு வேலை செய்யுங்கடி" என்பார். ஒருநாள் பக்கத்தில் நின்ற பெண்ணை அது தூக்கி எறிந்து மணிக்கட்டை முறித்தது. அடுத்த மாதம் சோதனைக்கு வந்த அதிகாரியிடம், முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே, "சார், அந்த மெஷினுக்கு எர்த்தே கிடையாது" என்றாள். ரிப்பேருக்கு வரும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட சொல் அது. எர்த் வந்தது. வாரிஜாவின் வேலை போனது. "உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும்" என்று அம்மா அழுதாள். மகள் போய் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாள். நாற்பது பையன்களுக்கு நடுவில் ஒருத்தி. பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கினாள்.

ருக்மய்ய ஷெட்டியோடு அவளுக்குப் பகை மூண்டது ஒரு பம்ப் மோட்டாரால். பம்பாயில் இருபத்தைந்து வருஷம் ஓட்டல் நடத்திவிட்டு ஊரோடு வந்தவர். பழைய வீட்டை இடிக்காமலே மேலே ஒரு மாடி எழுப்பி, அரண்மனை மாதிரி ஆக்கியிருந்தார். மோட்டார் ஓடவில்லை, வழக்கமான ஆள் வரவில்லை, வாரிஜா போனாள்.

ஷெட்டி வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஆம்பளை ஆள் யாரும் இல்லையா?"

"இருக்காங்க ஷெட்ரே. உங்க போனைத்தான் எடுக்க மாட்டேங்கறாங்க."

அரைமணி நேரத்தில் மோட்டாரை ஓடவிட்டாள். அதோடு வந்திருந்தால் வம்பில்லை. மெயின் போர்டைத் திறந்து பார்த்தாள். எங்காவது கரண்டு கசிந்தால் உடனே விழுந்து உயிரைக் காப்பாற்றுகிற டிரிப் சுவிட்ச் அங்கே பேருக்கு உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டி ஒயரை நேராக முறுக்கிக் கொடுத்திருந்தார்கள்.

"இது யார் வேலை?"

"மழை பெய்தா அது சும்மா சும்மா விழுது. அதான் நம்ம ஆளு நேரா கொடுத்துட்டான். இப்பத் தொல்லை இல்லை."

"நாய் குரைக்குதுன்னு நாயைக் கொன்னுட்டீங்க ஷெட்ரே. திருடன் உள்ளேதான் இருக்கான்."

"பம்புக்குக் கூப்பிட்டேன், பம்பைப் பார்த்துட்டுக் கிளம்பு. பயமுறுத்தி வேலை பிடிக்கிற வித்தையெல்லாம் நான் பம்பாயிலேயே பார்த்தாச்சு."

வாரிஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கேட் வரைக்கும் போனவள் திரும்பி நின்று, தெரு கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "என்னைக்காவது இந்த வீட்டுல எவனாவது ஒட்டிக்கிட்டுச் சாவான். அன்னைக்குக் கூப்பிடுங்க, வரேன்!"

ஷெட்டி சும்மா இருப்பாரா? ஊர் வாட்ஸப் குழுவில் எழுதினார்: அந்தப் பெண் ஒன்றைச் சரிசெய்வாள், இரண்டைக் கெடுத்துவிட்டுப் போவாள், யாரும் வீட்டுக்குள் விடாதீர்கள் என்று. அவளிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் கட்டைவிரல் படம் போட்டார்கள். நாற்பது விரல். வாமன் அதைப் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்துவைத்தான்.

ஆடி மாதத்து அடைமழையில் ஒருநாள் காலை, வாரிஜா கஞ்சியும் மாங்காய் ஊறுகாயுமாக உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. ஷெட்டியின் மனைவி பிரபாவதி.

"வாரிஜா, கொஞ்சம் வர முடியுமா? எங்க அப்பி பின்கட்டுக் குழாயைத் தொட்டா, தூக்கிப் போட்டுடுச்சு."

அப்பி அந்த வீட்டில் துணி துவைக்கிறவள். ஐம்பது வயது.

"எங்கே உங்க வீட்டு ஆம்பளை எலக்ட்ரீஷியன்?" என்றுதான் வாயில் முதலில் வந்தது. அடுத்த நொடியே, "மூச்சு இருக்கா? அவளை யாராவது தொட்டீங்களா?" என்றாள்.

"மூச்சு இருக்கு. குழாயை விட்டுத் தள்ளிக் கிடக்கா. அவர் மங்களூர் போயிருக்கார். எனக்குக் கிட்டப் போகவே பயமா இருக்கு."

"காஞ்ச செருப்பைப் போடுங்க. காஞ்ச துடைப்பக் கட்டையை எடுங்க. அதால மெயினைக் கீழே தள்ளுங்க. தள்ளிட்டு அப்பியைப் பாருங்க. நான் வரேன்."

கஞ்சியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள். வழியெல்லாம் மழை முகத்தில் அடித்தது. தான் கேட்டில் நின்று கத்தியது வேறு காதில் விழுந்துகொண்டே இருந்தது.

பிரபாவதி சொன்னபடி செய்திருந்தாள். அப்பி துவைக்கும் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்து, உள்ளங்கையில் ஒரு கோடு சுட்டு வெந்திருந்தது. ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வாரிஜா வீட்டைத் துழாவ ஆரம்பித்தாள். ஒரு மணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டது. மாடிக் குளியலறை ஹீட்டர் உள்ளே பழுதாகிக் கரண்டைக் கசியவிட்டிருந்தது. சுவரோடு இறங்கிய பச்சை எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், அது போர்வெல் போட்ட இடத்தில் அந்தரத்தில் தொங்கியது. ஒரு காலத்தில் அங்கே மண்ணுக்குள் போகிற இரும்புக் குழாயில் அதைக் கட்டியிருந்தார்கள். போன வருஷம் அந்தக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டவர்கள், ஒயரை என்ன செய்வது என்று யாரையும் கேட்கவில்லை. மண்ணுக்குப் போக வழியில்லாத கரண்டு வீட்டிலிருந்த பழைய இரும்புக் குழாய்களில் எல்லாம் ஏறி நின்றது. பிடித்து நிறுத்த வேண்டிய டிரிப் சுவிட்சோ செத்த நாய்.

"ஹீட்டரைக் கழட்டிட்டாப் போதாதா?" என்றாள் பிரபாவதி.

"இன்னைக்கு ஹீட்டர். நாளைக்கு கிரைண்டர். குழி தோண்டி எர்த் போடணும், டிரிப்பை ஒழுங்கா மாட்டணும். அதுவரைக்கும் இந்த வீட்டுல கரண்டு இருக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "நான் போனதும் அவர் வந்து மெயினைப் போடுவாரா, மாட்டாரா? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"போடுவார்" என்றாள் பிரபாவதி.

வாரிஜா மீட்டருக்குக் கீழே இருந்த இரண்டு பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கினாள். பைக்குள் போட்டாள். போய்விட்டாள்.

மத்தியானம் ஷெட்டியின் போன் வந்தது. "ஏய், என் வீட்டுல கை வைக்க நீ யாருடீ?"

"குழி தோண்டுங்க, எர்த் போடுங்க. அப்புறம் வந்து வாங்கிக்கங்க."

கடைக்குப் போய் இரண்டு ஃபியூஸ் கட்டை வாங்கினால் தீர்ந்துபோகிற காரியம். ஆனால் ஷெட்டிக்கு இப்போது கட்டை முக்கியமில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். திருட்டு என்று மட்டும் சொல்லவில்லை. "அன்னைக்கே சாபம் விட்டுட்டுப் போனவ சார் இவ. பம்பு பார்க்க வந்தப்பவே எர்த்தை அறுத்துவிட்டுப் போயிருக்கா. தெருவுல எத்தனை பேரு கேட்டாங்க, விசாரிச்சுப் பாருங்க" என்றார்.

ஹெட் கான்ஸ்டபிள் தேஜப்பா வாரிஜாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வந்து பையைக் கவிழ்த்துக் கட்டைகளை மேஜைமேல் வைத்தாள்.

"இதுதான் திருட்டுச் சொத்தா?" அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எங்க ஆச்சி வீட்டு ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி இருக்கு. ஏம்மா, சொன்னியா, எவனாவது சாவான்னு?"

"சொன்னேன்."

"அறுத்துவிட்டியா?"

"அறுத்த ஒயருக்கும் அவிழ்த்துவிட்ட ஒயருக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஒருத்தரை அனுப்பிப் பாருங்க. இவரு இந்தக் கட்டையை எடுத்துட்டுப் போகட்டும். ஆனா, 'எர்த் இல்லைன்னு தெரிஞ்சேதான் கரண்டு போடறேன், யார் செத்தாலும் நான் பொறுப்பு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும்."

"நான் எதுக்குடீ எழுதணும்?" என்று ஷெட்டி எழுந்தே விட்டார்.

வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்ற பிரபாவதி அப்போதுதான் உள்ளே வந்தாள். கூடவே வரச் சொன்னது ஷெட்டிதான், சாட்சி சொல்ல. தேஜப்பா அவளைக் கேட்டார்.

"அந்தக் கட்டையை நான்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன்" என்றாள் பிரபாவதி. "என் வீடு. எங்க அம்மா வழியில எனக்கு வந்த வீடு."

வீடு அவளுடையது என்பது நிஜம், கட்டையை எடுக்கச் சொன்னது பொய் என்று அங்கே மூன்று பேருக்குத் தெரியும். ஷெட்டி மனைவியை முறைத்தார். தேஜப்பா தாளை மடித்து மேஜைக்குள் போட்டார். "வீட்டுக்காரம்மாவே சொல்லிட்டாங்க. போங்க ஷெட்ரே, போய் ஒரு குழி தோண்டுங்க."

தோண்டினார். மங்களூரிலிருந்து ஒரு ஆளை வரவழைத்து, கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டு, புது டிரிப் மாட்டினார். அன்றைக்கே குழுவில், "உள்ளூர் ஆட்களை நம்பாதீர்கள். நகரத்திலிருந்து நல்ல நிபுணரை அழைத்துச் சரிசெய்தேன்" என்று எழுதினார். இந்த முறை ஐம்பத்திரண்டு கட்டைவிரல். பிரபாவதியோடு அவர் இரண்டு மாதம் பேசவில்லை என்று ஊரில் சொன்னார்கள். வாரிஜாவைக் கடைத்தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் காறித் துப்பாத குறைதான்.

இதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. பெரிதாகப் பட்டது வேறொன்று.

ஒரு வாரம் கழித்து அப்பியைப் பார்க்கப் போனாள். பார்லே பிஸ்கட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிப் போயிருந்தாள். அப்பி கையில் கட்டுப்போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு விரல் மடங்கவில்லை. பழத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"எவனாவது ஒட்டிக்கிட்டுச் சாவான்னு கேட்டுல நின்னு கத்தினியாமே?"

"அது அந்த ஷெட்டி மேல இருந்த கோபத்துல, அப்பியக்கா..."

"அந்த எவன் யாருன்னு நினைச்சே? அந்த வீட்டுல குழாயடியில நிக்கறது யாரு? ஷெட்டியா துணி துவைக்கறான்? உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். பின்கட்டுக்கு நாலு எட்டு வந்து எங்கிட்ட 'இந்தக் குழாயைத் தொடாதே'ன்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

வாரிஜாவுக்கு ஆலையில் மணிக்கட்டு முறிந்தவளின் முகம் ஞாபகம் வந்தது, பெயர் வரவில்லை. பழத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வழக்கம் ஒன்று மாறியது. வேலைக்குப் போன இடத்தில் எர்த் இல்லாமல் கரண்டு கசிவதைக் கண்டால், வீட்டுக்காரரிடம் கத்துவதற்கு முன்னால் நேரே பின்கட்டுக்குப் போகிறாள். அங்கே பாத்திரம் துலக்குகிறவளையோ துணி துவைக்கிறவளையோ கூப்பிட்டு, டெஸ்டரைக் குழாயில் வைத்து விளக்கு எரிவதைக் காட்டுகிறாள். "பார்த்தியா? இதைச் சரி பண்ற வரைக்கும் இங்கே கையை நனைக்காதே. திட்டினாலும் நனைக்காதே."

வீட்டுக்காரர்களுக்கு இது முன்னைவிட ஆத்திரம். போன மாதம் ஒரு டாக்டர் வீட்டில் வேலைக்காரப் பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "குழாயைச் சரி பண்ணுங்கம்மா, அப்புறம் வரேன்" என்று நடந்துவிட்டாள். டாக்டரின் மனைவி வாரிஜாவைக் கேட் வரை துரத்தி வந்து திட்டினாள். "விளக்குப் போட வந்தியா, வீட்டுல வேலை செய்யறவளைக் கெடுக்க வந்தியா?"

வாரிஜா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டுக்கும்தான்."